உப்புத் தண்ணீரை வளர்க்கத் தெரிந்தால் மீன் தானே வளரும்



மூன்று இதழ்களுக்கு முன்னால் தங்க மீன் தொட்டியைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதினாலும் எழுதினேன், கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. அவற்றில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். 'பையன் போனில் வீடியோ பார்த்துவிட்டு, கடல் மீன் தொட்டிதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். பவளப் பாறை, கோமாளி மீன் எல்லாம் வீட்டிலேயே வளர்க்கலாமாமே? இருக்கிற தொட்டியில் உப்பைக் கரைத்துவிட்டால் போதுமா?'

போதாது சகோதரி. ஆனால் முடியாத காரியமும் இல்லை. எங்கள் வீடு தூத்துக்குடியில். கூடத்தில் நாலைந்து வருஷமாக ஒரு கடல் தண்ணீர்த் தொட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. நான் விஞ்ஞானம் படித்தவள் இல்லை, பள்ளிக்கூடத்தோடு சரி. தோசை மாவு புளிக்கிற பதமும், பருப்பு பொங்குகிற பதமும் தெரியும். அந்தக் கைப்பழக்கம்தான் இந்தத் தொட்டிக்கும் பாதி உதவி என்றால் நம்புவீர்களா? மேலே படியுங்கள்.

பவளம் கடலிலேயே இருக்கட்டும்

முதலில் பவளத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் கேட்பது அதைத்தான். பெரியவர்கள் மாட்டிக்கொள்வதும் அதில்தான்.

பவளம் கல்லும் இல்லை, செடியும் இல்லை. சின்னஞ்சிறு உயிர்கள் கூட்டம் கூட்டமாக இருந்து, கடல் தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தை எடுத்துக் கட்டிக்கொண்ட வீடு அது. உருண்டையாக வளரும் பவளம் வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஒரு சாண் கல் என்றால் அதற்கு வயது 20. நம் வீட்டுப் பிள்ளை காலேஜ் முடிக்கிற வயது.

எங்கள் பக்கத்து மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகள். அவற்றைச் சுற்றித்தான் இந்தப் பவளப் பாறைகள். ஒரு காலத்தில் இவற்றை உடைத்து வந்து சுண்ணாம்புக் காளவாயில் போட்டார்கள், வீடு கட்டவும் உபயோகித்தார்கள். பாறை போனால் அலையைத் தடுக்க என்ன இருக்கிறது? பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இப்போது தண்ணீருக்கு அடியில். மிச்சமிருக்கும் பவளத்துக்கும் 1998, 2010, 2016 என்று கடல் சூடான வருஷங்களில் நிறம் வெளுத்து நிறைய அழிவு.

1986-ல் இந்தப் பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001-ல் பவளமும் கடல் குதிரையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. புலி, யானை இருக்கிற அதே அட்டவணை! எடுத்தாலும் விற்றாலும் குற்றம். தண்டனை 3 வருஷம் முதல் 7 வருஷம் வரை சிறை. வெளிநாட்டு வீடியோக்களில் தொட்டி நிறையப் பவளம் பூத்திருப்பதைப் பார்த்துவிட்டு, 'இங்கேயும் அப்படித்தானே' என்று நினைத்துவிடாதீர்கள். பல தேசங்களில் தொட்டியிலேயே வளர்த்து, துண்டு போட்டு, பதியன் விற்கிற மாதிரி விற்கிறார்கள். அந்தச் சட்டம் வேறு, நம் சட்டம் வேறு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் பக்கெட்டில் ஈரச் சாக்கைப் போட்டு மூடிக்கொண்டு வாசலுக்கு வந்தார். "யக்கா, உயிர்க்கல்லு. தொட்டில போட்டா ஒரே மாசத்துல கலர் கலரா பூத்துரும்" என்றார். சின்னவன் கண் பளபளத்தது. வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். "எல்லாரும்தாம்மா வச்சிருக்காங்க" என்று முறைத்துக்கொண்டு ராத்திரி சாப்பிடாமல் படுத்தான். "கடல்ல கிடந்தா அந்தக் கல்லுல எத்தனையோ மீன் குடியிருக்கும். நம்ம வீட்டுல இருந்தா வர்றவங்க போறவங்க நாலு பேர் மெச்சுவாங்க. எதுடா பெரிசு?" என்று மட்டும் கேட்டேன். பதில் இல்லை. காலையில் நாலு இட்லி உள்ளே போனது. அதுவே பதில்.

பாறைக்குப் பதில் என்ன? நுண்ணிய துளைகள் உள்ள செராமிக் கற்களைக் கடையில் விற்கிறார்கள். அவற்றைக் குகை போல அடுக்கினால் மீன்கள் சந்தோஷமாக ஒளிந்து விளையாடும். எங்கள் தொட்டியில் அதுதான்.

எவ்வளவு பெரிய தொட்டி, எங்கே வைப்பது?

சின்னத் தொட்டி சுலபம் என்று தோன்றும். நேர்மாறு! தண்ணீர் குறைவாக இருந்தால் சூடும் உப்பும் அழுக்கும் சட்டென்று ஏறும். ஒரு டம்ளர் மோரில் ஒரு கல் உப்பு கூடினாலும் தெரிகிறது. ஒரு பானை மோரில் தெரிகிறதா? அதே கணக்குத்தான். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி ஆரம்பிக்கிறவர்களுக்கு உத்தமம். விளிம்பு வரை ஏறக்குறைய 190 லிட்டர் பிடிக்கும்.

கண்ணாடி, கல், மணல், தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் எடை 250 கிலோவைத் தாண்டும். பழைய டீப்பாய் மேல் வைக்கிற சமாசாரம் இல்லை. இதற்கென்றே செய்த பலமான ஸ்டாண்ட் வேண்டும். மட்டம் பார்த்து, கண்ணாடிக்கு அடியில் தெர்மாகோல் அல்லது ஃபோம் ஷீட் விரிக்க வேண்டும். ஜன்னல் வெயில் நேரே விழாத சுவர் ஓரமாகப் பாருங்கள். அடுப்படிப் புகை படுகிற இடமும், டி.வி. அலறுகிற இடமும் வேண்டாம்.

ஊரெல்லாம் உப்பு, பின் எதற்கு வாங்க வேண்டும்?

முதல் தடவை கடல் உப்பு டப்பா வீட்டுக்கு வந்தபோது என் மாமியார் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "ஏ தாயி, ஊரைச் சுத்தி உப்பளமா கெடக்கு. ஒரு மூட்டையைக் கரைச்சு ஊத்துனா முடிஞ்சுது. இதுக்குப் போயி காசு குடுத்து டப்பாவுல உப்பு வாங்குதியே!"

நியாயமான கேள்விதான். என் பெரியப்பா உப்பளத்தில் கணக்கு எழுதியவர். அவர் சொல்வார்: கடல் தண்ணீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிக் காய வைக்கும்போது முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் அடியில் தங்கிவிடும். பிறகுதான் உப்பு பூக்கும். உப்பை வாரிய பிறகு மிச்சமிருக்கும் கசப்புத் தண்ணீரை வடித்துவிடுவார்கள். மெக்னீசியமும் பொட்டாசியமும் அதோடு போய்விடும். ஆக, நம் சமையலுக்கு வருவது வெறும் சோடியம் குளோரைடு. கடல் என்பது அது மட்டும் இல்லையே! தொட்டிக்கென்று விற்கும் உப்பில் விட்டுப்போன சத்துகளையெல்லாம் அளவாகச் சேர்த்திருப்பார்கள். இதைச் சொன்னதும், "அப்போ நம்ம திங்கறது அரைக் கடலா?" என்று மாமியார் கேட்டாரே பார்க்கலாம்!

ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. நாம் கரைக்கும்போது உப்பிலுள்ள ஈரத்தையும் சேர்த்து 35 முதல் 38 கிராம் வரை பிடிக்கும். ரிஃப்ராக்டோமீட்டர் என்று ஒரு சின்னக் கருவி உண்டு. ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் அளவு தெரியும். 1.025 என்று காட்டினால் சரி. நாக்கில் வைத்துப் பார்க்கிற பழக்கம் இங்கே செல்லாது.

தண்ணீரில்தான் உப்பைப் போட வேண்டும். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, சின்ன மோட்டார் போட்டு ஒரு நாள் முழுக்கச் சுற்ற விடுங்கள். கரைக்கிற தண்ணீர் ஆர்.ஓ. தண்ணீராக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். கிணற்று, போர் தண்ணீரில் வேண்டாத உப்புகள் இருக்கும்.

ஒன்றை மறக்காதீர்கள். பித்தளைக் குடம், செம்புத் தவலை இவற்றில் தொட்டித் தண்ணீரை எடுக்கவே கூடாது. நமக்கு ஆரோக்கியம் தரும் செம்பு, இறாலுக்கும் நத்தைக்கும் விஷம். இரண்டு பிளாஸ்டிக் பக்கெட்டுகளைத் தனியாக எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். சோப்பு அதில் படவே கூடாது.

கடல்தான் பக்கத்தில் இருக்கிறதே, மொண்டு வரலாமே என்பீர்கள். கரையோரத் தண்ணீரில் படகு எண்ணெயும், சாக்கடையும், மழைக்குப் பிறகு ஆற்றுத் தண்ணீரும் கலந்திருக்கும். வீட்டுத் தொட்டிக்கு நாமே கரைப்பதுதான் நிம்மதி.

மாவு புளிக்கக் காத்திருப்பது போல

தண்ணீர் நிரம்பியது, விளக்கு எரிகிறது. மீன் எப்போது? ஒரு மாதம் கழித்து! இங்கேதான் பிள்ளைகள் அழும். வீட்டுக்காரர் 'ஒரே ஒரு மீன் போடேன்' என்று சிபாரிசுக்கு வருவார். இளகிவிடாதீர்கள்.

மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகும். அது மீனுக்கு நஞ்சு. கண்ணுக்குத் தெரியாத ஒரு வகைப் பாக்டீரியா அதைத் தின்று நைட்ரைட் ஆக்கும். அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட்டை மீன்கள் ஓரளவு தாங்கிக்கொள்ளும். இந்த இரண்டு கூட்டமும் கல்லின் துளைகளிலும் மணலிலும் குடியேறிப் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். உறை ஊற்றாத பால் தயிராகுமா? அரைத்த மாவை அந்த நிமிஷமே சுட்டால் தோசை வருமா? இதுவும் அப்படித்தான். பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவை ஊற்றுவது உறை ஊற்றுவது மாதிரி. கொஞ்சம் சீக்கிரம் ஆகலாம், ஆனாலும் பொழுது வேண்டும்.

வெறும் தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு வாருங்கள். சோதனைப் பெட்டி வாங்கி இரண்டு நாளுக்கு ஒரு தரம் பாருங்கள். அம்மோனியா ஏறும், இறங்கும்; பிறகு நைட்ரைட் ஏறும், இறங்கும். இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகுதான் முதல் மீன். எங்கள் வீட்டில் காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்திலேயே இந்தக் கணக்கையும் எழுதினோம். கணக்கு என்றாலே ஓடுகிற சின்னவன் கோடு போட்டு வரைபடமே வரைந்துவிட்டான்.

வடிகட்டுவதில் மூன்று வேலை

தொட்டிக்குக் கீழே, ஸ்டாண்டுக்குள் இன்னொரு சின்னத் தொட்டி. வீட்டுக்கு அடியில் இருப்பது போலவே இதற்கும் பெயர் சம்ப்தான். மேலிருந்து வழிகிற தண்ணீர் இதில் இறங்கிச் சுத்தமாகி, மோட்டார் மூலம் மறுபடி மேலே போகும். மணிக்கு 800 முதல் 1000 லிட்டர் ஏற்றுகிற மோட்டார் நான் சொன்ன அளவுக்குச் சரியாக இருக்கும்.

முதல் வேலை, தூசி வடிப்பது. டீ வடிகட்டி மாதிரி ஒரு துணிப்பையோ பஞ்சோ போதும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தரம் அலசியாக வேண்டும். அழுக்கைப் பிடித்துவிட்டு அங்கேயே ஊற விட்டால் வடிகட்டி என்ன பிரயோஜனம்? குப்பையைக் கூட்டிக் கதவு மூலையில் ஒதுக்கின மாதிரிதான்.

இரண்டாவது வேலை நான் மேலே சொன்ன பாக்டீரியாவுடையது. கல்லும் மணலும்தான் அதன் வீடு. அவற்றை எடுத்துக் குழாயடியில் தேய்த்துக் கழுவாதீர்கள். குளோரின் பட்டால் அத்தனையும் போய், முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டியதாகும்.

மூன்றாவது, புரோட்டீன் ஸ்கிம்மர். பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். பருப்பு வேகும்போது மேலே பொங்கும் நுரையைக் கரண்டியால் எடுத்துக் கொட்டுகிறோம் இல்லையா, அதுவேதான். ஒரு குழாய்க்குள் மிக நுண்ணிய காற்றுக் குமிழிகளை விடும். தண்ணீரில் கரைந்த கொழுப்பும் புரதமும் குமிழிகளில் ஒட்டிக்கொண்டு நுரையாக ஏறி, மேலேயுள்ள கிண்ணத்தில் வழியும். டிகாஷன் நிறத்தில், நாற்றமும் சகிக்காது. அவ்வளவும் தொட்டியில் அழுகியிருக்க வேண்டியது! உப்புத் தண்ணீரில் குமிழிகள் பொடியாக இருப்பதால்தான் இந்த வேலை நடக்கிறது. நல்ல தண்ணீர்த் தொட்டியில் இது அவ்வளவாகப் பலிக்காது. கூடுதலாக ஒரு பொட்டலம் ஆக்டிவேட்டட் கார்பன் போட்டால் தண்ணீரின் மஞ்சள் நிறமும் வாடையும் போகும். மாதம் ஒரு தரம் மாற்றுங்கள்.

இவை மூன்றும் இருந்தாலும் நைட்ரேட் சேர்ந்துகொண்டேதான் இருக்கும். அதற்குப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை 20, 25 லிட்டர் பழைய தண்ணீரை எடுத்துவிட்டு, முதல் நாளே கரைத்து வைத்த புதுத் தண்ணீரை ஊற்றுவதுதான் வழி. எந்த மெஷினும் இதற்கு ஈடில்லை.

தொட்டிக்குள் இரண்டு பக்கமும் அலை உண்டாக்கும் சின்ன மோட்டார் வைத்தால் மூலைகளில் அழுக்கு தங்காது. காற்றும் தண்ணீரில் நன்றாகக் கலக்கும்.

வெயிலும் கரண்டும்

கடல் மீனுக்கு 25 முதல் 27 டிகிரி சூடு இதம். நம் ஊர் சித்திரை வெயிலில் கூடமே 33, 34 ஆகிவிடுகிறது. சில்லர் மெஷின் வாங்கினால் கவலையில்லை, ஆனால் விலையும் மின்கட்டணமும் அதிகம். நாங்கள் தண்ணீர்ப் பரப்பின் மேல் காற்று படும்படி சின்ன மின்விசிறி வைத்திருக்கிறோம். மண்பானைத் தண்ணீர் குளிர்வது எப்படியோ அப்படி 2, 3 டிகிரி குறையும். அதற்குமேல் வெயில் ஏறும் ஊரில், குளிர்சாதன அறையோ சில்லரோ இல்லாமல் இந்த ஆசைக்குப் போகாதீர்கள்.

விசிறி ஓடினால் தண்ணீர் வேகமாக ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். உப்பு அப்படியே நிற்கும். சாம்பார் சுண்டினால் கரிக்கிறதே, அப்போது உப்பா போடுவீர்கள்? வெந்நீர்தானே ஊற்றுவீர்கள்! அதுபோலக் குறைந்த அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரைத்தான் தினமும் ஊற்ற வேண்டும். சம்பில் ஒரு கோடு போட்டு வைத்தால் பிள்ளைகளே ஊற்றிவிடுவார்கள்.

கரண்ட் போனால் மேல் தொட்டித் தண்ணீர் கொஞ்சம் கீழே இறங்கும். அதனால் சம்பை முக்கால் அளவுக்கு மேல் நிரப்பக் கூடாது. பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று கண்டிப்பாக வீட்டில் இருக்கட்டும்.

இதன் அருமை எனக்கு 2023 டிசம்பர் 17, 18-ல் தெரிந்தது. தூத்துக்குடி மாவட்டமே மிதந்த மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்கள் தெரு மேடு என்பதால் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. ஆனால் இரண்டு நாள் மின்சாரம் இல்லை. பக்கத்துத் தெருவிலிருந்து கைக்குழந்தையோடு வந்த இரண்டு குடும்பங்கள் எங்கள் கூடத்தில். அவர்களுக்குக் கஞ்சியும் வெந்நீரும் வைப்பதுதான் முதல் வேலை. மீனைப் பிறகுதான் பார்க்க முடிந்தது. காற்றுப் பம்பின் பேட்டரி முதல் நாள் ராத்திரியே தீர்ந்துவிட்டது. சின்னவன் ஒரு பிளாஸ்டிக் மக்கை எடுத்து, தண்ணீரை மொண்டு ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்ற ஆரம்பித்தான். டீ ஆற்றுகிற மாதிரிதான், காற்று கலக்கும். அவன் கை ஓய்ந்தபோது அந்த வீட்டுப் பிள்ளைகள் வாங்கிக்கொண்டார்கள். ராத்திரி ஒன்றரை மணிக்கு, சிரித்தாரே என் மாமியார், அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஊற்றிக்கொண்டிருந்தார். "வாயில்லாச் சீவன். நாம கொண்டாந்து அடைச்சு வச்சிட்டு, இப்பம் நமக்கு வேலை கெடக்குன்னு சொல்ல முடியுமா?" என்றார். தீனி போடவேயில்லை, இரண்டு மூன்று நாள் பட்டினி மீனைக் கொல்லாது, அழுகும் தீனிதான் கொல்லும். கரண்ட் வந்தபோது ஆறு மீனில் ஐந்து இருந்தது.

எந்த மீன், எத்தனை?

190 லிட்டருக்குச் சின்ன மீன்களாக ஐந்தாறுக்கு மேல் வேண்டாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் போடாமல் இரண்டிரண்டாகச் சேருங்கள். கோமாளி மீன் ஒரு ஜோடி ஆரம்பத்துக்கு நல்லது. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இவற்றைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையைக் கண்டிருக்கிறார்கள். பண்ணையில் பிறந்ததா, கடலில் பிடித்ததா என்று கடைக்காரரிடம் கேட்டு, பண்ணை மீனையே வாங்குங்கள். தொட்டி வாழ்க்கைக்கும் அதுதான் பழகியிருக்கும். கடல் சாமந்தி இல்லாமலே அது சுகமாக இருக்கும்.

இந்த மீனைப் பற்றி ஒரு வேடிக்கை கேளுங்கள். குஞ்சுகளில் பெண்ணே கிடையாது. கூட்டத்தில் எது பெரியதாக வளர்கிறதோ அது பெண்ணாக மாறிவிடும்; வீட்டு நிர்வாகம் அதனிடம்தான். அது போய்விட்டால் அடுத்த இடத்திலிருக்கும் ஆண், பெண்ணாகிப் பொறுப்பேற்கும். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "இதைக் கடலுக்குப் போயித்தான் தெரிஞ்சுக்கணுமா?" என்றார்.

புது மீனை நேரே தொட்டியில் விடாமல் மூன்று நாலு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பாருங்கள். உடம்பில் ரவை தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி வந்தால் அது தொற்று நோய். மருந்தையும் தனித் தொட்டியிலேயே கொடுங்கள். பல மருந்துகளில் செம்பு இருக்கும். தீனி, இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவு, தினம் இரண்டு வேளை. விருந்தாளிகள் 'பாவம், பசிக்கும்' என்று அள்ளிப் போடுவார்கள். தீனி டப்பாவை உள்ளே வைத்துப் பூட்டுங்கள்.

சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில்

தண்ணீரும் மின்சாரமும் பக்கம் பக்கமாக இருக்கிற இடம் இது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மின்கசிவு ஏற்பட்டால் தானே அணைந்துவிடும் ஆர்.சி.சி.பி. சுவிட்சு அவசியம் போடச் சொல்லுங்கள். வயர் பிளக்குக்குக் கீழே தொங்கி மேலேறும்படி இருக்கட்டும். வழிகிற தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். தொட்டிக்குள் கை விடும் முன் மோட்டார் எல்லாவற்றையும் அணையுங்கள்.

கையில் வெட்டுக் காயம் இருந்தால் தொட்டியில் விடக் கூடாது. மீன் தொட்டியில் இருக்கும் ஒரு வகைக் கிருமி காயத்தில் புகுந்து ஆறாத கட்டியாகலாம். அப்படி வந்தால் டாக்டரிடம் மீன் தொட்டி இருப்பதை மறக்காமல் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் குழந்தையைத் தூக்க வேண்டும். கொசு, கரப்பான் மருந்தை அந்த அறையில் அடிக்காதீர்கள். மீனுக்கு அது எமன்.

நெஞ்சில் கை வைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள்

எல்லாம் சேர்ந்து ஒரு நல்ல ஃபிரிட்ஜ் வாங்குகிற பணம் ஆகும். மாதாமாதம் உப்பு, தீனி, கரண்ட் தனி. கோமாளி மீன் நன்றாகக் கவனித்தால் 10 வருஷத்துக்கு மேல் இருக்கும். ஏழாம் வகுப்புப் பையன் கேட்கிறான் என்று வாங்கினால், அவன் காலேஜ் முடித்து வேலைக்குப் போன பிறகும் தண்ணீர் மாற்றப் போவது நீங்கள்தான். தினம் 15 நிமிஷம், பதினைந்து நாளுக்கு ஒரு தரம் இரண்டு மணி நேரம். முடியுமா? முடியும் என்றால் தைரியமாகத் தொடங்குங்கள். முடியாது என்றால் குறைவொன்றுமில்லை. தங்க மீன் தொட்டியோ, ஒரு மாலை கடற்கரையோ போதும்.

தொடங்குகிறவர்கள் மீனைப் பார்த்து மயங்காமல் தண்ணீரைப் பார்த்து வளருங்கள். தண்ணீர் நன்றாக இருந்தால் மீனுக்கு நாம் செய்ய வேண்டியது ரொம்பக் குறைவு.

அடுத்த இதழில், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காமல் வற்றலையும் ஊறுகாயையும் காப்பாற்றுவது எப்படி என்று பார்க்கலாம்.